குளிர் விற்கும் ஊர்

திருப்பூரில் அயர்ன் டேபிள் ஆவியிலேயே வளர்ந்தவள் நான். சூடு எனக்குப் புதிதல்ல. ஆனால் துணி வியாபாரத்துக்காகப் பாங்காக்கின் பிரதூநாம் சந்தைக்குப் போய்வரும் எனக்கு, அந்த ஊர்ச் சூட்டின் மேல் ஒரு கோபம் உண்டு. ஏப்ரலில் அங்கே வெயில் அடிப்பதில்லை, அவிக்கிறது. முகத்தை எத்தனை முறை துடைத்தாலும் வியர்வை காய்வதில்லை.

ஈரக்காற்றை மட்டும் குறை சொல்ல முடியாது. சந்தையின் பின்சந்துகளில் நடந்தால் தலை உயரத்துக்கு வரிசையாக ஏ.சி. பெட்டிகள். கடைக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சி நம் முகத்தில் ஊதுகின்றன. அந்தச் சந்தில் துணி மூட்டைகளை வண்டியில் தள்ளிக்கொண்டு வருபவர், கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டிருப்பார்: பை நிறைய ஐஸ், கறுப்புக் காப்பி, ஒரு உறிஞ்சுகுழல். அவருக்குக் கிடைக்கும் குளிர்ச்சி அவ்வளவுதான். பக்கத்து மாலின் கதவு திறக்கும்போதெல்லாம் வரும் ஜில்காற்றுக்காக நடையைத் தாமதப்படுத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பாங்காக்கில் குளிர் காசுக்குத்தான். 1999-இல் வந்த ஸ்கைடிரெயின் அருமையான வண்டி. பெட்டிக்குள் நடுங்கும் அளவுக்குக் குளிர். தினக்கூலிக்காரருக்கு அந்தக் கட்டணம் கட்டுபடியாகாது என்பது அங்கே பழைய புகார். தண்டவாளத்துக்குக் கீழே மால்களை இணைத்து நடைபாலம் போட்டிருக்கிறார்கள். அதில் நடப்பவருக்கு வெயில் தெரியாது. அதற்கும் கீழே, சாலையில் நிற்பவருக்குப் புகையும் சூடும் கலைய வழியில்லை. போதாக்குறைக்கு, நடைபாதையைச் சீர்படுத்துகிறோம் என்று 2014-க்குப் பிறகு பல தெருக்களில் சாப்பாட்டுக் கடைகளை அகற்றினார்கள். கடைகளோடு அவற்றின் பெரிய குடைகளும் போயின. மரமில்லாத தெருவில் நிழல் தந்துகொண்டிருந்தவை அந்தக் குடைகள்தாம்.

ஏழைக்கும் காற்று கிடைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பிரதூநாம் பாலத்தின் கீழே ஓடும் சேன் சேப் கால்வாய். 1837-இல் தொடங்கி 1840-இல் வெட்டி முடித்தது. கம்போடியா பக்கம் நடந்த போருக்குப் படையும் தளவாடமும் கொண்டுபோகத்தான் வெட்டினார்கள். 1990 முதல் பயணிகள் படகு ஓடுகிறது. டிக்கெட் கொடுப்பவர் தலையில் ஹெல்மெட்டோடு, படகின் வெளிவிளிம்பில், ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி நடந்து வருவார். தாழ்வான பாலம் வந்தால் படகின் கூரையே கீழே இறங்கும்; அவரும் குனிந்துகொள்வார். எதிர்ப்படகு அலையடிக்கும்போது ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்த வேண்டும். இழுக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் அம்மாள் முறைப்பார். நியாயந்தான், தண்ணீர் கறுப்பு. (எங்கள் ஊர் நொய்யல் ஆறும் அப்படித்தான்; அதைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை.) நாற்றம் அடிக்கும், உண்மை. ஆனால் மேலே கார்கள் நகராமல் நிற்கும் நேரத்தில், சில்லறைக் காசுக்கு முகத்தில் காற்றடிக்க ஊரின் பாதியைக் கடந்துவிடலாம். அலுவலகப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் மூட்டை தூக்குபவரும் ஒரே பலகையில் இடித்துக்கொண்டு உட்காரும் வண்டி அது.

நம்மவர்கள் பாங்காக் போய் வந்து மாலின் குளிரையும் பளபளப்பையும் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். மால் கட்டப் பணம் இருந்தால் போதும். இருநூறு ஆண்டுகளை நெருங்கும் ஒரு கால்வாயை மூடாமல் வைத்து, அதில் தினமும் சாமானிய ஜனத்தை ஏற்றிப் போவதுதான் பெரிய காரியம். அந்தத் தண்ணீரைச் சுத்தமாக்கி, தெருவுக்கு மரங்களையும் குடைகளையும் திருப்பித் தந்தால், ஏ.சி. வாங்க முடியாதவரும் அந்த ஊரில் மூச்சுவிடலாம்.

அடுத்த முறை பிரதூநாமில் டாக்சிக்குக் கை காட்டுமுன் பாலத்துக்குக் கீழே இறங்கிப் பாருங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தால் கயிற்றை விடாதீர்கள்.