திறவுகோல் யாரிடம்?

பள்ளிதோறும் நூலகம் உண்டென்று அரசின் ஏடுகள் சொல்லுகின்றன. இருக்கட்டும். அந்நூலகத்தின் நூலகர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் விடை வராது. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும். அதில் நாளிதழும் பிற இதழ்களும் கதைப் பொத்தகங்களும் வேண்டும் என்று எழுதிற்று. அவற்றைப் பிள்ளையின் கையில் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று எழுதவில்லை. உலையும் அரிசியும் உண்டு, சமைப்பார்தாம் இல்லை!

விளைவு என்ன? வகுப்புச் சுமையால் முன்னமே குனிந்திருக்கும் ஆசிரியர் ஒருவர் தலையில் நூலகப் பொறுப்பும் ஏற்றப்படுகிறது. தணிக்கையில் பொத்தகம் ஒன்று குறைந்தால் விடை சொல்ல வேண்டியவர் அவரே. கொடுத்தால் தொலையும், பூட்டினால் தொலையாது. எனவே பூட்டுகிறார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. படிக்கக் கொடுப்பவனைத் தண்டித்துப் பூட்டி வைப்பவனைக் காக்கும் ஏற்பாட்டையே குறைகூற வேண்டும்.

குற்றாலத்திற்கு வாருங்கள். சாரல் பெய்யும் ஆனி ஆடித் திங்களில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் தலை நனைக்க வருவோரை ஒழுங்குசெய்து உள்ளே விடக் காவலர் நிற்கின்றனர். நல்லதுதான். ஆனால், அறிவுநீர் ஆட வரும் பள்ளிப் பிள்ளைக்கு வழிவிட ஒருவரும் இல்லையே! இத்தனைக்கும் இது கல்வியில் வறண்ட மண்ணன்று. தென்காசியிலிருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியன் நைடதம் பாடியதோடு நில்லாமல், சிறுவர்க்கென வெற்றிவேற்கையும் செய்தான். முடிதரித்த மன்னனுக்கே பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய கவலை இருந்தது.

நூலகர் வேலை சோம்பேறிகளுக்கு ஏற்றது என்று ஏளனம் செய்வார் உளர். அவர்க்குச் சீர்காழி அரங்கநாதனாரின் வரலாற்றை எடுத்துச் சொல்லுங்கள். கல்லூரியில் கணக்குக் கற்பித்தவர் அவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சென்று, தனிமை தாளாமல் பழைய வேலைக்கே மீள விரும்பினார். இலண்டனுக்குப் போய் நூலகக் கலை பயின்றபின் முடிவு செய்யலாம் என்றனர். முப்பதைக் கடந்தவர் மீண்டும் மாணவரானார்! அங்கே கடையொன்றில் கண்ட சிறுவர் இணைப்பு விளையாட்டுப் பொருளிலிருந்தே பொத்தகங்களைப் பகுக்கும் புதுமுறைக்குக் கருப்பிடித்தார். அது 1933-இல் நூலாயிற்று. அதற்கு முன் 1931-இல் அவர் வகுத்த ஐந்து நெறிகளுள் இறுதியானது, நூலகம் வளரும் உயிர் போன்றது என்பதாகும். நூலகம் வளர வேண்டுமானால் நூலகரும் வளர வேண்டாவா? அவர் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதினார் என்னும் மனக்குறை நமக்கு உண்டு. ஆயினும் தொண்டு தொண்டுதான். அவர் முயற்சியின் பயனாய்க் கிடைத்த 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். அப்பொருள் பொது நூலகங்களுக்கே உரியது. பள்ளிப் பிள்ளைக்கு அதில் பங்கில்லை.

நம் பாவாணரை மறப்போமா? 1902-இல் சங்கரன்கோவிலில் பிறந்தார். 2019-இல் அமைந்த தென்காசி மாவட்டத்துள் இன்று அவ்வூர் உளது. பள்ளியாசிரியராய்த் தொடங்கி மொழிமேல் மொழி கற்றுக்கொண்டே போனவர், சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராய் அமர்ந்தபோது அகவை 72. பிறர் ஓய்வூதியத்தை எண்ணும் பருவத்தில் அவர் வேர்ச்சொல்லை எண்ணினார். சென்னையின் மாவட்ட மைய நூலகம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. அவர் பிறந்த மாவட்டத்தில் பள்ளிதோறும் ஒரு நூலகரை அமர்த்துவதன்றோ அவர்க்கு உரிய சிறப்பு!

1981-இல் யாழ்ப்பாண நூலகத்தைச் சிங்களக் காவல்படையினரும் வெறிக்கும்பலும் தீயிட்டனர். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. குருதி கொதித்தோம். கொதித்தது முறையே. அங்கே தீ தின்றது. இங்கே நம் பூட்டுக்குள் கறையான் தின்கிறதே, இதற்கு யாரைப் பகைவர் என்பது?

கைப்பேசியில் எல்லாம் கிடைக்கும்போது நூலகர் எதற்கென்பர் சிலர். கேட்டதைத்தான் கைப்பேசி கொடுக்கும். எதைக் கேட்பதென்றே அறியாத பத்து அகவைப் பிள்ளைக்கு, அதன் முகம் பார்த்து, முன்பு படித்தது எதுவென உசாவி, அடுத்த பொத்தகத்தை எடுத்து நீட்ட மாந்தன் வேண்டும். தான் படியாத நூலை அவன் பரிந்துரைக்க இயலாது. ஆகவே, பணியில் இருக்கும் நாளெல்லாம் அவன் மாணவனே. தமிழ்ப்பற்றுடைய இளைஞர் மேடைக்கு ஓடுமுன் நூலக அறிவியல் பயிலட்டும். ஒரு மேடைப் பேச்சு ஒரு மாலையோடு போம். ஒரு நூலகர் முப்பது ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் ஊட்டலாம்.

பெற்றோரே! வரும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இரண்டே கேள்விகளைக் கேளுங்கள்: நூலக அறையின் திறவுகோல் யாரிடம் உளது? சென்ற கிழமை எத்தனைப் பிள்ளைகள் பொத்தகம் பெற்றனர்? விடையை எழுதி வாங்குங்கள். நூலகர் பணியிடம் வேண்டுமென்று அதன் கீழேயே எழுதிக் கையொப்பமிட்டு, மாவட்டக் கல்வி அலுவலர்க்கு விடுத்து வையுங்கள்.