மீன் முள் வாய்க்கால் வளர்த்த காடு

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே பிச்சாவரம் காடு இருக்கிறது. சேற்றிலும் உப்புத் தண்ணீரிலும் வளரும் அலையாத்திக் காடு இது. சிதம்பரத்துக்குத் "தில்லை" என்று பெயர் தந்த தில்லை மரம் இங்கே இன்றும் உண்டு. (அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. படகில் போகிறவர்கள் கிளையை ஒடிக்க வேண்டாம்!)

இந்தக் காட்டில் பல இடங்கள் ஒரு காலத்தில் பொட்டலாகிவிட்டன.

பழி யார் மேல்?

"விறகு வெட்டுகிறவர்களும் மாடு மேய்ப்பவர்களும்தான் காட்டை அழித்தார்கள்" என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். பழி ஏழைகள் மேல் விழுந்தது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியின் மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டி வந்தார்கள். அதுவும் சர்க்கார் திட்டப்படி!

நிழல் போயிற்று. வெயில் நேராகத் தரையில் விழுந்தது. களிமண் காய்ந்து சுருங்கியது. தரை தட்டுப்போல் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல் தண்ணீர், வற்றத்தில் வெளியே போக முடியாமல் தேங்கியது. தண்ணீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. உப்பில் வாழும் மரத்துக்கே தாங்காத உப்பு! விழுந்த விதை எப்படிப் பிழைக்கும்?

கடலே வேலைக்காரன்

பள்ளத்தின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால் வெட்டினார்கள். அதன் இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். பெரிய வாய்க்காலை இயற்கை ஓடையோடு இணைத்தார்கள். தண்ணீர் தினம் இரண்டு தடவை உள்ளே வந்து, உப்பைக் கழுவிக்கொண்டு திரும்பியது. பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. கரைச் சரிவில் வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள். இலை வழியாகவே உப்பை வெளியேற்றும் மரம் அது. வனத்துறையோடு சேர்ந்து பக்கத்து ஊர் மக்களே இந்த வேலைகளைச் செய்தார்கள். பழி சுமந்தவர்களும் இவர்கள்தான்!

அவர்களுக்குக் காடுதான் சோறு. இறால் குஞ்சும் நண்டும் வேர்களுக்கு இடையே வளர்கின்றன. இருளர் குடும்பங்கள் தண்ணீரில் இறங்கி, கையாலேயே தடவி இறால் பிடிக்கின்றன. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. மரம்தான் காத்ததா, கடலிலிருந்து இருந்த தூரமும் மேடும் காத்தனவா என்று நிபுணர்கள் வாதாடுகிறார்கள். ஊர் ஜனங்களுக்கு அந்தச் சந்தேகம் இல்லை.

ஒரு சங்கடம் உண்டு. வாய்க்காலில் வண்டல் படிகிறது. தூர் வாராவிட்டால் மறுபடி தண்ணீர் தேங்கும், மறுபடி உப்பு ஏறும். கன்று நடுவது ஒரு நாள் செலவு. தூர் வாரும் செலவு அப்படி அல்ல. அதற்குத் தொடர்ந்து பணம் ஒதுக்க வேண்டும்.