இடிதாங்கிக்கு எதற்குப் பீங்கான்?



நம்ம பள்ளி மினாராவில் இடிதாங்கி போடும் வேலை நடக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். நேற்று அஸருக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். செப்புப் பட்டி சுவரில் படக்கூடாதாம். அதனால் மேலிருந்து கீழ் வரை வெள்ளைப் பீங்கான் காவலிகள். சேர்த்த காசில் பெரும் பங்கு அதற்கே போயிருக்கிறது. பட்டி முடியும் இடத்தில் ஒரு முழக் கம்பி, அதுவும் காய்ந்த மணலில்!

கிலோமீற்றர் கணக்கில் காற்றைக் கிழித்து வரும் மின்னலை இரண்டு அங்குலப் பீங்கான் மறிக்குமா? சாதாரண மின்னலிலேயே 30,000 அம்பியர் அளவுக்கு ஓட்டம் வரும். புவித்தொடுப்பின் தடை 10 ஓம் என்றாலும், தரம் 10 பிள்ளை பெருக்கிச் சொல்லும்: 300,000 வோல்ற்று. கம்பி காய்ந்த மணலில் நின்றால் இன்னும் கூடும். அது காவலியைத் தாண்டிக் கிட்ட உள்ள ஸ்பீக்கர் வயருக்குப் பாயும். வயரின் மறுமுனையில் மைக். ஐப்பசி இடிமழை அநேகமாகப் பின்னேரத்தில்தான் வரும். அஸர் பாங்குக்கு மைக்கின் முன் நிற்பவர் நம்ம முஅத்தினார்.

சீமெந்துச் சுவரில் பட்டியை நேரடியாகவே இறுக்கலாம். (பலகை, ஓலை என்றால்தான் தள்ளிப் பிடிக்க வேண்டும்.)

நிர்வாக சபையினரே, மிச்சக் காசில் ஈரமண் வரும்வரை கம்பியை இறக்கி, தடையை அளந்து பாருங்கள். ஸ்பீக்கர் தாங்கும் இரும்பையும் பட்டியோடு இணையுங்கள். அதுவரை, இடி கேட்டால் மைக்கைக் கழற்றிவிட்டு வெறும் குரலில் பாங்கு சொல்லட்டும்.