படம் கிடைக்காதவனின் வேலையா இது?

"பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால், "ஏதோ கம்பெனிகளுக்கு வீடியோ எடுத்துக்கிட்டு இருக்கான், இன்னும் படம் அமையல" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் பெற்றோர் நம் ஊரில் ஏராளம். அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். விஸ்காம் முடித்துவிட்டு ஜவுளிக்கடைக்கும் பம்ப்செட் கம்பெனிக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் யூடியூப் வீடியோ எடுத்துத் தரும் இளைஞனும் இதையேதான் நம்புகிறான். சினிமாதான் கலை, காசு கொடுத்த முதலாளிக்காக எடுப்பது வெறும் பிழைப்பு. இந்த நம்பிக்கை பொய் என்பது ஒரு பக்கம். ஒரு தொழிலையே இது அழுக வைத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் கோபம்.

முதலில் அந்தக் காசு விஷயத்துக்கு வருவோம். நம் சங்கப் புலவர்களில் பலர் பரிசில் பெற்றுப் பாடியவர்கள். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் பதினாறு லட்சம் பொன் கொடுத்தான் என்கிறது கலிங்கத்துப்பரணி. அந்தப் பாட்டில் என்னதான் இருக்கிறது? கடல்வழி வந்த குதிரை, மிளகு மூட்டை, வடமலைப் பொன், தென்கடல் முத்து, ஈழத்து உணவு, மூட்டைகளில் புலி முத்திரை குத்தும் சுங்கக்காரர்கள். ஒரு துறைமுகத்தின் வரவு செலவு முழுக்க அதில் இருக்கிறது. வியாபாரத்தைப் பாடியதால் அது கவிதை இல்லாமல் போய்விட்டதா? சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் பரிசிலை மறுத்த கதையையும் புறநானூறு வைத்திருக்கிறது. அவர் பொருளை வெறுத்து மறுக்கவில்லை. தன்னை நேரில் பார்க்காமல், தன் தகுதியை அளக்காமல் மன்னன் அதியமான் அனுப்பியதால் மறுத்தார். தினையளவு கொடுத்தாலும் தரம் தெரிந்து கொடு என்றார். கூலிக்கும் கலைக்கும் பகை மூட்டியது நம் மரபு அல்ல.

படச்சுருளிலும் இதுவே நடந்தது. பெஷினே என்ற பிரெஞ்சு நிறுவனம் பிளாஸ்டிக்கைப் பற்றி ஒரு படம் கேட்டது. 1958இல் எடுத்துக் கொடுத்தவர் இயக்குநர் அலென் ரெனே. முடிந்த பிளாஸ்டிக் பொருளில் தொடங்கி, அச்சு, குழாய், உலை என்று பின்னோக்கியே போய், கடைசியில் மூலப்பொருளில் நிற்கிற படம் அது. பின்னணி உரை முழுக்கச் செய்யுள், எழுதியவர் கவிஞர் ரேமோன் கெனோ. அதே 1958இல் நெதர்லாந்தின் பெர்ட் ஹான்ஸ்ட்ரா, லீர்டாம் கண்ணாடித் தொழிற்சாலைக்கு விளம்பரப் படம் எடுக்கப் போன இடத்தில், கூடவே 'கிளாஸ்' என்ற குறும்படத்தையும் எடுத்தார். ஊதுபவர்களின் கன்னமும் விரலும் ஜாஸ் இசைக்கு அசைகின்றன, பாட்டிலை எடுத்து வைக்கும் இயந்திரம் ஒரு இடத்தில் தடுமாறிப் பாட்டில்களை உடைத்துத் தள்ளுகிறது. குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. அந்த முதலாளி கதவைத் திறந்துவிடாமல் இருந்திருந்தால் அந்தப் படமே இல்லை.

இந்த வேலைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். "ரகுமான்கூட முதலில் விளம்பர ஜிங்கிள் போட்டவர்தானே, சத்யஜித் ராய் விளம்பரக் கம்பெனியில் படம் வரைந்தவர்தானே" என்று ஆறுதல் சொல்வார்கள். இந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். மேலே ஏறிப் போனவர்களைக் காட்டினால் இது வெறும் படிக்கட்டு என்றுதானே ஆகிறது? பியூஷ் பாண்டேயைக் காட்டுங்கள். 1982இல் ஓகில்வி விளம்பரக் கம்பெனியில் சேர்ந்து விளம்பரத்திலேயே வாழ்ந்தவர். அவருடைய ஃபெவிகால் பசை விளம்பரத்தை, அந்த பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். கூரையிலும் பக்கவாட்டிலும் ஜனம் அப்பிக்கொண்டிருக்க, மேடுபள்ளத்தில் பஸ் குலுங்கிப் போகிறது, ஒருவரும் விழவில்லை. பஸ்ஸின் முதுகில் ஃபெவிகால் பெயர் தெரிகிறது. வசனம் கிடையாது. இதைச் செய்தவருக்கு 'படம் அமையவில்லை' என்று யாராவது சொல்வார்களா?

கோவையில் பீளமேடு பக்கம் ஒரு கிரைண்டர் பட்டறைக்கு நான் எடுத்த வீடியோவைச் சொல்கிறேன். முதலாளி கேட்டது டிரோன் ஷாட், கட்டட முகப்பு, தன் பேச்சு. நான் உள்ளே கல் கொத்துகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். "இதுல என்னங்க இருக்குது, தெனமும் பண்றதுதானுங்க" என்றார் அவர். ஆனால் நாலு கொத்துக்கு ஒருமுறை உளியை வைத்துவிட்டு உள்ளங்கையால் கல்லைத் தடவிப் பார்த்தார். எங்கே வழவழப்பு மிச்சம் இருக்கிறது என்று கைக்குத்தான் தெரியுமாம். அந்தத் தடவல்தான் படம் என்று அப்போதே முடிவாயிற்று. நேர் வெளிச்சத்தில் கல் கறுப்பு பிளாஸ்டிக் மாதிரி தெரிந்தது. விளக்கைத் தரையோடு தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்த பிறகுதான் ஒவ்வொரு கொத்தும் நிழல் விழுந்து எழும்பியது. முதலாளியை நாற்காலியில் உட்கார வைத்தால் மனப்பாடம் ஒப்பிக்கிறார். காலர் மைக்கை மாட்டி, "இந்தக் கல்லு நல்லா இருக்குன்னு எப்படிங்கண்ணா பார்ப்பீங்க?" என்று கேட்டு நடக்கவிட்டால் அவரும் கையை வைத்துத் தடவிக்கொண்டே பேசுகிறார். போனில் பலர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். அதனால் அந்தக் கை முதல் மூன்று நொடிக்குள் வர வேண்டும். எதை முதலில் காட்டுவது, எதை வெட்டுவது, எந்தச் சத்தத்தை விட்டுவைப்பது என்று நாள் முழுக்க எடுக்கிற இந்த முடிவுகளுக்குக் கலை என்று பெயர் இல்லையென்றால் வேறு எதற்குத்தான் அந்தப் பெயர்?

'இது தற்காலிகம்' என்று நினைப்பவன் அந்தக் கல்லின் பக்கத்தில் உட்கார மாட்டான். காலையில் வந்து மதியம் கிளம்புவான். டிரோன், ஸ்லோமோஷன், எங்கிருந்தோ இறக்கிய கிடார் இசை, "உங்கள் கனவுகளுக்கு உயிர் கொடுக்கும்" என்றொரு குரல். லோகோவை மட்டும் மாற்றினால் நகைக்கடைக்கும் பொருந்தும், நர்சிங் கல்லூரிக்கும் பொருந்தும். எடுத்த முப்பது வீடியோவில் ஒன்றைக்கூடத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள மாட்டான். அந்த மனசை வைத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் எழுதினால் மட்டும் சினிமாவில் கண் திறந்துவிடுமா? பார்க்கிற பழக்கமே போய்விட்டதே. இந்த மாதிரி வீடியோவைப் பார்த்த முதலாளி, "இதை என் மச்சான் பையன் போன்லயே எடுத்துடுவானே" என்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அவருக்குக் காட்டப்பட்டது அவ்வளவுதான். போனில் எடுப்பதும் குற்றமில்லை. நான் காட்டிய கை போனிலும் வரும், அதைக் காண ஒருவர் அங்கே இருந்திருந்தால்.

கொட்டேஷனில் கேமரா வாடகை, லென்ஸ் வாடகை, எடிட்டிங் என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரி எழுதுகிறோம். ஷூட்டுக்கு முந்தைய நாள் பட்டறையில் போய் உட்கார்ந்து பார்ப்பதற்கு மட்டும் வரி இல்லை, ஏனென்றால் எடுக்கிறவனே அதை வேலையாக எண்ணுவதில்லை. தம்பி, தங்கச்சிகளுக்கு என் கோரிக்கை இது. அடுத்த கொட்டேஷனில் அந்த நாளுக்குத் தனியாக ஒரு வரி போட்டுத் தொகையும் எழுதுங்கள். "இது எதுக்குப்பா?" என்று முதலாளி கண்டிப்பாகக் கேட்பார். விளக்கிச் சொல்லுங்கள். பேரத்தில் வேறு எதை வேண்டுமானாலும் குறையுங்கள், அந்த வரியை அடிக்காதீர்கள்.