இரட்டை விசில்

ஒரு விசில் என்றால் நில்; இரண்டு விசில் என்றால் புறப்படு. தமிழகத்துப் பேருந்தில் ஏறிய எவருக்கும் இதைக் கற்பிக்க வேண்டியதில்லை. களியக்காவிளையைத் தாண்டி வரும் கேரள அரசு வண்டியில் விசிலுக்குப் பதில் கயிற்றில் கட்டிய மணி. ஓசைதான் வேறு, பொருள் ஒன்றே: நடத்துநரின் கண் கண்டதை ஓட்டுநரின் காதுக்குச் சொல்வது.

கண் காணாமலே விசில் ஒலித்தால்?

காலை வேளையில் வடசேரி நோக்கி வரும் வண்டியைப் பாருங்கள்! படிக்கட்டு இரண்டு, நடத்துநர் ஒருவர். அவரோ நெரிசலின் நடுவே சீட்டுக் கிழித்துக்கொண்டிருக்கிறார். 2021-இல் மகளிர் கட்டணமில்லாப் பயணம் வந்தது. ஏழைப் பெண்கள் வாழ்த்தும் திட்டம் அது. கட்டணம் இல்லையே தவிர, சீட்டு உண்டு. அதைத் தருவதும் அவர் கைதான். முன்படியில் கூடையோடு நிற்கும் மூதாட்டி இறங்கிவிட்டாரா என்பதை அவர் எப்படி அறிவார்? யாரோ "போலாம் ரைட்" என்கிறார். இரட்டை விசில் ஒலிக்கிறது. மூதாட்டியின் ஒரு கால் படியில், மறு கால் தரையில்!

விபத்து நேர்ந்தால் நடத்துநர்மீது பழி போடுவது எளிது. கடக்க முடியாத நெரிசலில் தக்கலையையும் மார்த்தாண்டத்தையும் குறித்த நிமிடத்தில் கடந்தாக வேண்டும் என்று அவரை விரட்டுவது எது என்று நாம் கேட்கிறோம்.

படியில் தொங்குவதும் குற்றம், தொங்கவிட்டு ஓட்டுவதும் குற்றம் என்கிறது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 123-ஆம் பிரிவு. சட்டம் ஏட்டில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் படியில் இருக்கிறார்கள்!

திருவிதாங்கூர் அரசு 1938-இல் பேருந்து விட்ட நாள்தொட்டு, அரசுப் பேருந்தை நம்பி வாழும் மண் இது. இலாபவெறி பிடித்த முதலாளி என்று கைகாட்டித் தப்ப இங்கே வழியில்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் அரசு. அரசுக்குச் சொந்தக்காரர் மக்கள்.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: எல்லா வண்டிக்கும் மூடும் கதவு வேண்டும். இரு படியருகிலும் ஓட்டுநருக்குக் கேட்கும் மணி வேண்டும். பின்னால் வருபவருக்கு வண்டி நிற்பதைச் சொல்லும் சிவப்பு விளக்கு எரியாத பேருந்து, பணிமனை வாசலைத் தாண்டக் கூடாது. கூட்டத்தைக் கணக்கிட்டு நேரம் வகுக்க வேண்டும். கூட்ட நேரத்தில் வண்டிகளைக் கூட்ட வேண்டும்.

பொதுமக்களுக்கும் ஒரு சொல். "போலாம் ரைட்" சொல்வது நம் வேலையல்ல. கடைசிக் கால் தரையில் ஊன்றியதைக் கண்ட பிறகே இரட்டை விசில் ஒலிக்கட்டும். அரை நிமிடம் தாமதித்தால் எந்த ஊரும் ஓடிவிடாது. போன உயிர் எந்த வண்டியிலும் திரும்பி வராது!