ஜீன்ஸை அடித்துத் துவைக்காதீர்கள்!

புடவையும் வேட்டியும் தோய்த்துப் பழகிய கைகளுக்கு ஜீன்ஸ் ஒரு புதுச் சம்பந்தி மாதிரி. எப்படி உபசரிப்பது என்றே புரிவதில்லை. ஆனால் இன்றைக்கு எந்த வீட்டுக் கொடியில்தான் ஜீன்ஸ் தொங்கவில்லை? மகன் போடுகிறான், மகள் போடுகிறாள், சில வீடுகளில் மாமனாரும் போடுகிறார். போடுகிறவர்கள் பலர், துவைக்கிறவள் ஒருத்தி. தண்ணீரில் ஊறிய ஜீன்ஸைத் தூக்கிப் பிழிவதற்குள் மணிக்கட்டு விட்டுப் போகிறதே! துணிக்கும் நல்லது, நம் கைக்கும் நல்லது என்று நான் கடைப்பிடித்து வரும் முறையை எழுதுகிறேன்.

முதலில் துணியின் குணத்தைத் தெரிந்துகொள்வோம். ஜீன்ஸில் பாவு நூலுக்குத்தான் நீலம். ஊடை நூல் வெள்ளை. அந்த நீலமும் நூலின் உள்வரை இறங்குவதில்லை, மேலே தோல் போலப் படிந்து நிற்கிறது. அந்தக் காலத்தில் இது அவுரிச் செடியிலிருந்து வந்தது. நம் திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது. 1897-ல் ரசாயன நீலம் விற்பனைக்கு வந்தது. இப்போது பெரும்பாலும் அதுதான். எதுவானாலும் தேய்த்தால் உதிரும். கல்லில் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்தால் முட்டியில் வெள்ளை விழுவது இதனால்தான். உப்புப் போட்டு ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். இந்த நீலத்துக்கு அந்த வித்தை பலிக்காது.

அப்படியானால் எப்படித் துவைப்பது? பையில் சில்லறை, பேனா இருக்கிறதா என்று பாருங்கள். ஜிப்பையும் பொத்தானையும் போட்டு, உள்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். ஒரு வாளி பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத் தூள் கரைத்து, அரை மணி ஊறினால் போதும். கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். பட்டை, கால் ஓரம் இரண்டையும் மட்டும் லேசாகக் கசக்கலாம். புது ஜீன்ஸை முதல் நாலைந்து தடவை தனியாகத்தான் துவைக்க வேண்டும். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையோடு சேர்த்துவிட்டால் பிறகு சொட்டு நீலமே வேண்டாம்! மெஷின் என்றால் மென்மையான சுற்றில் போடுங்கள். எண்ணெய்க் கறைக்குப் பாத்திர சோப்பைத் தடவிக் கால் மணி வைத்துவிட்டு அலசுங்கள். பிளீச்சிங் பக்கம் போகவே வேண்டாம்.

முறுக்கிப் பிழியாதீர்கள். குழாயிலோ கொடியிலோ போட்டுவிட்டால் பாதித் தண்ணீர் தானே வடிந்துவிடும். பிறகு இடுப்புப் பட்டையில் கிளிப் மாட்டி, உள்புறம் வெளியே இருக்கும்படியே நிழலில் காயப் போடுங்கள்.

ஒவ்வொரு தடவை போட்டதற்கும் துவைக்க வேண்டியதில்லை. வியர்வை இல்லாவிட்டால் காற்றாட மாட்டி வைத்து, நாலைந்து தடவை போட்ட பின் துவைக்கலாம். லீவைஸ் கம்பெனி 2015-ல் வெளியிட்ட கணக்கில், பருத்தி விதைப்பது முதல் கிழிந்து தூக்கிப் போடுவது வரை ஒரு ஜீன்ஸுக்கு ஏறக்குறைய 3,800 லிட்டர் தண்ணீர் செலவாகிறதாம். அதில் கிட்டத்தட்ட கால் பங்கு, நாம் வீட்டில் துவைக்கிற தண்ணீர்! லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. இறுக்கமான ஜீன்ஸில் வியர்வை தங்கினாலும், மழை நாளில் அரை ஈரத்தோடு போட்டாலும் தொடை இடுக்கில் படர்தாமரை வந்துவிடும். பெண் குழந்தைகள் வெட்கப்பட்டுச் சொல்லவே மாட்டார்கள். நாம்தான் பக்குவமாகக் கேட்க வேண்டும். பட்டை, பை உட்பட நன்றாகக் காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துக் கொடுங்கள். அரிப்பு வந்தவர்களின் ஜீன்ஸைப் போட்ட ஒவ்வொரு தடவையும் தனியே, 60 டிகிரி சூட்டுத் தண்ணீரில் துவைத்து, வெயிலில் காய வைத்து, உள்புறமும் இஸ்திரி போடுங்கள். சாயம் போனால் போகட்டும், தோல் முக்கியம். ஒருவர் உடுப்பை இன்னொருவர் போட வேண்டாம். கடையில் கேட்டு ஏதோ ஒரு களிம்பு வாங்கித் தடவாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு முதலில் அடக்கிவிட்டுப் பிறகு பரப்பிவிடும். டாக்டரிடம் காட்டுவதே நல்லது.

கடைசியாக ஒன்று. அமுக்கி எடுத்துக் கொடியில் மாட்டுவது என்ன பெரிய வித்தையா? பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, ஆணானாலும் பெண்ணானாலும், தன் ஜீன்ஸைத் தானே துவைக்கட்டும். கிழிந்துபோன ஜீன்ஸை மட்டும் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாலாக மடித்துத் தைத்தால் அடுப்பங்கரைக்கு அருமையான பிடிதுணி!