பார்வையாளர்களா? உடனிருப்போரா?

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையைத் தொடர்ந்து அடையாறு கரைபுரண்டு, சென்னையின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. பல இடங்களில் மின்சாரம் நின்றது. தொலைபேசித் தொடர்பு அறுந்தது. அந்நாள்களில் ட்விட்டரிலும் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் முன்பின் அறியாத பலர் ஒன்றுசேர்ந்தனர். தங்க இடம் தருவோர், உணவு தருவோர், படகு தேவைப்படுவோர் எனப் பட்டியல்கள் உருவாயின. வெளியூர்களில் இருந்தவர்களும் அவற்றைச் சரிபார்க்க உதவினர்.

அதே நாள்களில் இன்னொன்றும் நடந்தது. ஏற்கெனவே மீட்கப்பட்டவர்களுக்காக உதவி கேட்கும் பழைய செய்திகள் மீண்டும் மீண்டும் சுற்றி வந்தன. பகிர்ந்தவர்களின் நோக்கம் நல்லதே. ஆனால், உண்மைதானா என்று யாரும் விசாரிக்காதபோது அந்த நல்லெண்ணமே உதவி செய்வோரை அலைக்கழித்தது.

பார்வையாளர் கூட்டத்திற்கும் சமூகத்திற்கும் உள்ள வேறுபாடு இதுதான். செய்தியைப் பார்ப்பதும் அடுத்தவருக்கு அனுப்புவதும் எளிது. 'இது என் பொறுப்பு' என்று ஏற்று, 'உதவி கிடைத்துவிட்டது' என்று தெரிவிக்கும்வரை உடனிருப்பதே கடினம். அப்படி உடனிருக்கச் சிலர் உள்ள இடத்தில்தான் சமூகம் பிறக்கிறது. எண்ணிக்கையால் அது உருவாவதில்லை.

இன்று நம் கைப்பேசியில் எத்தனையோ குழுக்கள். இரத்தம் வேண்டும் என்ற வேண்டுகோள் வந்தால், கைகூப்பும் படமொன்றை இட்டுக் கடந்துவிடுகிறோம். குழுவில் எத்தனை பேர் என்பதை விடுவோம். நம்மில் ஒருவர் திடீரென மௌனமானால், என்ன ஆயிற்று என்று விசாரிக்க ஒருவராவது உண்டா? அந்த ஒருவராக நாம் இருப்போமா?